அக்காள் சொன்ன சாட்சி

அக்காள் போன் செய்தபோது நான் கர்நாடகத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு போர் லாரியில் குழாய் இறக்கிக்கொண்டிருந்தேன். இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. தள்ளிப் போய், இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு மறுபடி சொல்லச் சொன்னேன்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொல்லிட்டாங்கடா. மார்புல இருந்த புத்து முதுகெலும்புக்கும் போயிருச்சாம்" என்றாள்.

அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அதற்கடுத்து அவள் சொன்னதில்தான் குரல் உடைந்தது. "சீக்கிரம் வா. எனக்குப் படிச்சுக் காட்ட ஆள் வேணும்."

என்னைப் படித்துக் காட்டச் சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் உண்டு. எட்டாம் வகுப்பு பாதியில் மிஷன் பள்ளி விடுதிச் சுவரேறிக் குதித்து மதுரைக்கு பஸ் ஏறியவன் நான். அதற்குப் பிறகு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். லாரியில் கிளீனராகப் போனேன். கரும்பு வெட்டினேன், கல்யாண மண்டபத்தில் அண்டா கழுவினேன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. யாரும் விரட்டவில்லை. இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். அக்காள் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். வகுப்பறை கூட்டுவாள், கழிப்பறை கழுவுவாள், மணி அடிப்பாள். வீட்டுக்காரர் கல்யாணமான நான்காம் வருடமே இறந்துபோய்விட்டார். பிள்ளை இல்லை. எழுத்து தெரியாது. ஆனால் வேதத்தில் பல அதிகாரங்கள் அவளுக்கு மனப்பாடம். எல்லாம் காதால் வாங்கியது.

மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், தேனி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். புண்ணைக் கழுவித் துணி மாற்ற வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். இதுவரை தானே செய்ததாகவும், இனி தன்னால் வாடை தாங்க முடியவில்லை என்றும் நேராகவே சொன்னார். அதில் தப்பில்லை. நான் துணியைப் பிரித்தேன். மார்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி இருந்தது. லாரியில் அடிபட்ட ஆட்களைத் தூக்கியிருக்கிறேன், கிணற்றில் ஊறிய பிணத்தைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். அதனால் கழுவித் துணி கட்டினேன். அன்றிலிருந்து காலையும் மாலையும் அது என் வேலை.

வலிக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. நான்காம் மணி நேரத்திலேயே அவள் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். ஆனால் அவளை வாட்டியது வலி இல்லை என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது.

"அந்தத் தீர்ப்பு வர்ற இடத்தப் படி" என்றாள்.

பைபிளைப் பிரித்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் இரண்டு வார்த்தை வந்தது. ஓர் இடத்தில் நியாயத்தீர்ப்பு, இன்னோர் இடத்தில் ஆக்கினைத்தீர்ப்பு. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது. அக்காள் கண்ணை மூடிக்கொண்டே திருத்தினாள்.

"நியாயத்தீர்ப்புன்னா முன்னால போயி நிக்கிறது. நடந்ததெல்லாம் வெளிய வர்றது. ஆக்கினைன்னா தண்டன. விசுவாசிக்கு ஆக்கினை இல்லன்னு சொல்லியிருக்கு. அது எனக்குத் தெரியும். நிக்க வேணாம்னு எங்கயாச்சும் சொல்லியிருக்கா, அதத்தான் தேடு."

மூன்று நாள் தேடினேன். எட்டாம் வகுப்புக் கண்ணுக்கு அப்படி ஓர் இடம் அகப்படவில்லை. அகப்பட்டதெல்லாம் எல்லோரும் நிற்க வேண்டும் என்றுதான் இருந்தது. நம்பினவனும் நிற்க வேண்டும். வாயிலிருந்து வந்த வார்த்தைக்கும் பதில் சொல்ல வேண்டும். நான் சத்தமில்லாமல் பக்கம் திருப்புவதைப் பார்த்து அவளே புரிந்துகொண்டாள்.

"இல்லேல்ல?" என்றாள். "எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒரு ஆச."

அப்புறம்தான் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை மூன்று வருடம் கழித்து என்னிடம் சொன்னாள்.

நாங்கள் சின்ன வயதில் ஞானஸ்நானம் வாங்கியது மணிக்கூண்டு வைத்த பழைய கோயிலில். பின்னால் அக்காள் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்கு மாறிவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க எந்திரிச்சு ஒக்காந்து பாடணும். இங்க அழலாம்டா" என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்தச் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஆண்டவர் தனக்குச் செய்ததை எழுந்து போய் மைக்கில் சொல்ல வேண்டும். தொலைந்த மாடு கிடைத்தது, மகனுக்கு வேலை கிடைத்தது, கால் வீக்கம் வடிந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. கேட்டதைக் கிடைத்துவிட்டதாகவே சொல்ல வேண்டும். 'சுகமாவேன்' என்றால் அது சந்தேகம். 'சுகமாயிட்டேன்' என்றால்தான் விசுவாசம். வாய் முன்னால் போனால் உடம்பு பின்னால் வரும் என்பது கணக்கு. உள்ளே இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். ஒருத்தி 'சுகமாயிட்டேன்' என்று சொன்னால், இன்னும் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று போராடுகிறாள் என்று புரிந்துகொண்டுதான் அல்லேலூயா சொல்வார்கள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்களுக்கு 'ஆயிட்டேன்' என்றால் ஆகிவிட்டது.

அக்காளுக்கு அப்போது கட்டி கொட்டைப்பாக்கு அளவு. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பாஸ்டர் கை வைத்து ஜெபித்தார். அடுத்த ஞாயிறு இவள் மைக்கைப் பிடித்து, "கட்டி கரைஞ்சிருச்சு, நான் சுகமாயிட்டேன், ஆஸ்பத்திரிச் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டேன்" என்று சொன்னாள். சீட்டைக் கிழித்தது மட்டும் உண்மை.

அன்றைக்கு அவளோடு எதிர் வீட்டுப் பெண் வந்திருந்தாள். கல்யாணமானவள், கிறிஸ்தவள் இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. காலையும் மாலையும் மாத்திரை. பத்து நாள் கழித்துக் குழாயடியில் அக்காளின் காதோடு வந்து சொன்னாளாம். "யக்கா, நானும் விட்டுட்டேன். மூணு நாளாப் போடல. ஒண்ணும் வரலக்கா."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

அக்காள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம்னு சொன்னேன்டா."

அடுத்த மூன்றாம் வாரம் அந்தப் பெண் கண்மாய்க்குத் துணி துவைக்கப் போனாள். முழங்கால் அளவுத் தண்ணீர். அதில் முகம் குப்புறக் கிடந்தாள். வலிப்பு வந்து போய்விட்டாள் என்று ஊரே சொன்னது. மாத்திரையை நிறுத்தியது யாருக்கும் தெரியாது, அக்காளைத் தவிர.

நான் ஒருமுறை ஒரு விபத்து வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்னவன். நான் கிளீனராக இருந்த லாரி. "டிரைவர் பிரேக் பிடிச்சிருப்பாருங்க" என்றேன். "பிடிச்சாரா, பிடிச்சிருப்பாரா? பாத்தத மட்டும் சொல்லு" என்று வக்கீல் அதட்டினார். கூண்டில் நின்ற கால்மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அங்கேயும் அதே வார்த்தைதான், சாட்சி. அக்காள் படுத்த இடத்தில் எந்தக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு விளங்கியது.  துணியை மாற்றினேன்.

பாஸ்டர் அந்த வாரமே வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். முன்பு சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர். கெட்ட மனிதர் இல்லை. வரும்போதெல்லாம் கேப்பைக் கூழ் கொண்டுவருவார், தன் கையாலேயே ஊட்டுவார். அக்காள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "ஐயா, ஞாயித்துக்கெழம என்னைத் தூக்கிட்டு வந்து மைக்குட்ட வைங்க. நான் சொன்னது பொய்ச் சாட்சின்னு அதே எடத்துல சொல்லிர்றேன். அங்க போயி நிக்கிறதுக்கு முன்னாடி இங்க நின்னுர்றேன்" என்றாள்.

அவர் கூழ்ப் பாத்திரத்தை மூடி வைத்தார்.

"சகோதரி, பிசாசு உங்களைப் பயமுறுத்துறான். விசுவாசிக்கு ஆக்கினை கிடையாது, அது சிலுவையிலயே முடிஞ்சது. நம்ம நிக்கப்போறது கிறிஸ்துவோட நியாயாசனத்துக்கு முன்னால. அது தண்டிக்கிற எடம் இல்ல. பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா மேடை இருக்கும்ல, பரிசு குடுக்கிறது? அந்த மாதிரி. நம்ம செஞ்ச வேலைய அக்கினி சோதிக்கும். பொன்னா இருந்தா நிக்கும். வைக்கோலா இருந்தா எரிஞ்சு போகும். ஆனா ஆள் தப்பிச்சிரும்."

"ஆண்டு விழாவுக்கு வருசா வருசம் மேடையக் கூட்டுனவ நான்தான்யா" என்றாள் அக்காள். "எனக்குப் பரிசெல்லாம் வேணாம். ஆள் தப்பிச்சிரும்னு சொல்றீங்க. வைக்கோல் எரியும்போது அதுக்குள்ள ஒருத்தி இருந்தா?"

பாஸ்டர் மைக் விஷயத்தில் மட்டும், "பலவீனமான விசுவாசிங்க இடறிருவாங்க சகோதரி, வேணாம்" என்றார். ஜெபித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அக்காள் சிரித்தாள். சிரித்தால் நெஞ்சு வலிக்கும். வலித்துக்கொண்டே சிரித்தாள்.

"அவரும் பாவம்டா. என்ன செய்வாரு. வண்டி பிடி. எதுத்த வீட்டுக்காரி புருசன் கிட்டப் போவோம்."

அந்த ஆள் மனைவி இறந்த பிறகு வீட்டைக் காலி செய்துகொண்டு போய், பேரையூர் ரோட்டில் பஞ்சர் கடை போட்டிருந்தார். டாக்டரைக் கேட்டால் அக்காளை அசைக்கவே கூடாது என்பார். கேட்கவில்லை. ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு தலையணை போட்டு அவளைச் சாய்த்து, நான் கீழே உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். காலை பத்து மணி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் "இயேசுவே" என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்து, "யக்கா, நீங்க கூப்புடுற கூப்பாட்டுக்கு அவரே வந்து ரோட்டப் போட்டுக் குடுத்திருவாரு" என்றார். "பேசாம ஓட்டுடா எடுபட்ட பயலே" என்று அக்காள் திட்டினாள். அந்தப் பயணத்தில் அவள் தெம்பாக இருந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

கடையென்றால் ஒரு புளியமரம், ஒரு காற்று மெஷின், ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் தொட்டியில் டியூபை முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவுக்குள் பார்த்தவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"யக்கா... நீயா? என்னக்கா இது, கோலம் இப்பிடி ஆகிப் போச்சு!" என்று எழுந்து வந்தார். டீ சொல்லவா என்று கேட்டார். என்னைப் பார்த்து, "மாப்ள, வெயில்ல இந்த ஒடம்ப ஏன் தூக்கிட்டு வந்த, சொல்லிவிட்டா நான் வந்திருப்பேன்ல" என்று கோபித்துக்கொண்டார்.

"நீங்க ஒக்காருங்கண்ணே" என்றாள் அக்காள். "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எதுவும் பேசாதீங்க. பேசுனா எனக்குத் தைரியம் போயிரும்."

அவர் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வேலையை விடாமல் டியூபை மறுபடி தண்ணீரில் முக்கினார். அக்காள் சொன்னாள். மைக்கில் சொன்னதைச் சொன்னாள், குழாயடியில் அவர் மனைவி வந்து சொன்னதைச் சொன்னாள், தான் ஸ்தோத்திரம் என்று பதில் சொன்னதையும் விடவில்லை. எதையும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அவர் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது. டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"மாத்திரை டப்பா நெறைய இருந்துச்சு" என்றார். "நான் புதுசா வாங்கியாந்தது, அதான் நெறைய இருக்குன்னு நெனச்சேன். அன்னைக்குக் காலைல அவகூடச் சண்ட. துணியெல்லாம் அள்ளி மூஞ்சியில எறிஞ்சு, போயித் தொவச்சுட்டு வாடின்னு நான்தான் வெரட்டுனேன். மூணு வருசமா நான்தான் கொன்னேன்னு..."

எழுந்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நீ சாகப்போற. அதனால வந்து எறக்கி வச்சிட்டுப் போற. நான் எங்கக்கா கொண்டு போயி எறக்குவேன்? எனக்கு எந்தக் கோயிலு?"

 நான்தான் பேசினேன். பேசியிருக்கக் கூடாது.

"அண்ணே, போற உசுரு. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கு."

"சொல்லணுமா? சொல்லிட்டாப் போச்சு. மன்னிச்சிட்டேன். போதுமா? ஒங்க எடத்துல அப்பிடித்தான சொல்லுவீக? உள்ள ஒண்ணும் வரல, வாயி சொல்லுது. சொகமாயிட்டேங்கிற மாதிரி."

அக்காள் இருந்த இடத்திலிருந்து நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. கையை மட்டும் தூக்கினாள்.

"வேணாம்ணே. இவன் கேட்டத விட்டுருங்க. வராதத வந்திருச்சுன்னு சொல்லாதீங்க. அதுலதான் அம்புட்டும் நடந்துச்சு. நெசமா வந்தாச் சொல்லுங்க. வரலேன்னா வரல."

அவர் காற்று மெஷின்மேல் கையை ஊன்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். ரோட்டில் இரண்டு பஸ் போயிற்று. பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அவ நம்புனாளா? நெசமாவே சொகமாயிட்டோம்னு?"

"நம்புனாண்ணே."

"ஆமா. அந்தப் பத்திருவது நாளும் சந்தோசமாத்தான் இருந்தா. தெனம் பூ வாங்கித் தலையில வச்சுக்கிட்டா. பாட்டெல்லாம் பாடுனா. நான் என்னடி புதுசான்னு ஒரு வார்த்த கேக்கல."

ஒருவன் காற்றுப் போன ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, அவசரம்" என்றான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சக்கரத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பினோம்.

வழியில், பாரம் குறைந்ததா என்று கேட்டேன். அப்படித்தான் பாட்டுகளில் வரும், அதனால் கேட்டேன்.

"இல்லடா. இதுவரைக்கும் ஒருத்தி சொமந்தேன். இப்ப ரெண்டு பேரு சொமக்கிறோம்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடவில்லை. ஆட்டோவின் ஆட்டத்தில் முதுகு இன்னும் கெட்டுப்போயிருக்கும். அதற்கு நானும் பொறுப்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அவள் என்னை வேதம் படிக்கச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். படிக்கட்டுமா என்று நானே கேட்டால், "தெரிஞ்சதுதானடா" என்பாள். அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பயந்துகொண்டிருந்தவரைக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் விட்டுவிட்டதைப்போல் கிடந்தாள். ஆண்டவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஜெபம் செய்யக் கை குவிக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் வந்தார். தெருவில் பைக்கை நிறுத்திவிட்டு உள்ளே வரத் தயங்கினார். வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்படி அவர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நான் இன்னைக்கு யாரையும் சாட்சி சொல்லக் கூப்புடல சகோதரி" என்றார். "அன்னைக்கு நீங்க சொன்னப்ப முதல் அல்லேலூயா நான்தான் போட்டேன். கட்டி இருக்கா போச்சான்னு நான் ஒங்ககிட்டக் கேக்கவே இல்லியே. மேடையில ஏறி, பாட்டு மட்டும் பாடிட்டு எறங்கிட்டேன்."

அக்காள் அவர் தலையைத் தொட்டாள். பிறகு இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஐயா, அந்த நியாயாசனத்துக்கு அவளும் வருவாள்ல? அவள அங்க பாத்துரலாம்ல?"

அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆசை இருந்தது. எனக்கே அப்போதுதான் புரிந்தது. எந்த நாளை நினைத்து அவள் நடுங்கினாளோ, அந்த நாளில்தான் அந்தப் பெண்ணை நேருக்கு நேர் பார்க்க வழி இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. ஆம் என்று சொல்லிவிடுங்கள் என்று பாஸ்டரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினேன்.

அவர் ஆம் என்று சொல்லவில்லை. முதல் தடவையாக, வராததை வந்ததாகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

"நாங்க படிச்ச உபதேசத்துல ரெண்டும் வேற வேற சகோதரி. விசுவாசிங்க நிக்கிறது ஒண்ணு. அது முதல்ல. ஆயிரம் வருசம் கழிச்சு வெள்ளைச் சிங்காசனம். மத்தவங்க நிக்கிறது அங்க."

"ரெண்டு எடமா?"

"ரெண்டு எடம்."

"அவ எதுல?"

"ஞானஸ்நானம் எடுக்கல... ஆனா கடைசி நாள்ல நம்புனாங்கன்னு சொல்றீங்க. நம்புனா விசுவாசிதான்."

"நான் சொன்ன பொய்யத்தான்யா நம்புனா. பொய்ய நம்புறது விசுவாசமாகுமா?"

பாஸ்டர் தலை குனிந்துகொண்டார். "எனக்குத் தெரியல சகோதரி" என்றார்.

வெளியே யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அக்காள் கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பஞ்சைச் சுடுதண்ணீரில் நனைத்து வைத்திருந்தேன், அது ஆறிக்கொண்டிருந்தது. இதற்குமேல் இவளுக்கு இறங்க இடம் இல்லை என்று நினைத்தேன்.

"அப்ப நம்ம வரிசை வேற, அவ வரிசை வேற" என்றாள். "சரி. அவ எந்த வரிசையோ, நானும் அதுலயே போயி நின்னுக்கிறேன்."

"அப்பிடியெல்லாம் சொல்லக் கூடாது சகோதரி! அது ஆக்கினைக்குப் போற வரிசை."

"தெரியும்யா. ஏய் நீ இங்க நிக்கக் கூடாதுன்னு தள்ளிவிட்டா வந்துர்றேன். அவகிட்ட ஒரு வார்த்த சொல்ற வரைக்கும் நிக்க விடுவாரா மாட்டாரா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பாஸ்டர் ஜெபிக்கக் கண்ணை மூடினார். "பிதாவே" என்றார். வழக்கமாக அந்த வார்த்தைக்குப் பின்னால் அருவி மாதிரி கொட்டும் மனிதர். அன்றைக்கு வேறொன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "பிதாவே" என்றார். அக்காள்தான் "ஆமென்" என்று முடித்து வைத்தாள். என்னைக் கூப்பிட்டு, மாத்திரை கொடுக்கச் சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் இருந்தாள். பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்குடா. இருக்காம?" என்றாள். ஆனால் கை குவித்திருந்தாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. காதை வைத்துக் கேட்டேன். தனக்காக எதுவும் கேட்கவில்லை. எதிர் வீட்டுப் பெண்ணின் பேரைச் சொல்லி, "அவ எங்க, அவ எங்க" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, நான் துணி மாற்றிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. பாதியில் விடாமல் புண்ணைத் துடைத்து முடித்து, புதுத் துணி கட்டினேன்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே வேலிக்கருவைக் காட்டை ஒட்டி. பாஸ்டர் சுருக்கமாக முடித்துக்கொண்டார். இந்தச் சகோதரி ஒரு சாட்சியைத் திருத்திச் சொல்ல விரும்பினார் என்றும், அதைக் கேட்கத் தனக்குத் தைரியம் இல்லாமல் போயிற்று என்றும் சொல்லிவிட்டு, நடந்ததைச் சபைக்கு முன்னால் அப்படியே சொன்னார். இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகுதான் பஞ்சர் கடைக்காரர் வேலியோரம் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தார் என்று தெரியாது. வந்து குழி விளிம்பில் நின்றார். ஒரு பிடி மண்ணை எடுத்தார், போடவில்லை.

"யக்கா, உள்ள இருந்து இன்னும் வரல" என்று குழிக்குள் பார்த்துச் சொன்னார். பிறகு என்னிடம், "மாப்ள, பின்னாடி வந்துச்சுன்னா யார்ட்டச் சொல்றது?" என்று கேட்டார்.

பாஸ்டரைத் தேடினேன். அவர் வாசலுக்குப் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அங்கதான்ணே சொல்லணும். எல்லாரும் நிக்கிற எடத்துல. எங்கக்காவும் ஒங்க வீட்டம்மாவும் இருப்பாக."

"அப்ப நானும் வந்து நிக்கணுமாக்கும்" என்றார் அவர். மண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். குழியை மூடக் காத்திருந்த மண்வெட்டிக்காரர் நேரமாகிறது என்று இருமினார்.